வயிற்றில் ஒரு யன்னல்: சமிபாட்டை உலகுக்குக் காட்டிய கூலித் தொழிலாளி



"எல்லாம் இந்த ஒரு சாண் வயிற்றுக்காகத்தான்" என்று எங்கள் வீடுகளில் எத்தனையோ தடவை சொல்லக் கேட்டிருப்போம். புலம்பெயர்ந்து வந்த புதிதில் உணவகங்களின் பின்கட்டில் நின்று கோப்பை கழுவியவர்கள் இதைச் சொல்லியிருப்பார்கள். விடியற்காலை பேருந்தில் வேலைக்குப் போகிறவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு சாண் வயிற்றுக்குள் போகும் சோறும் கறியும் அங்கே என்னவாக மாறுகின்றன என்பதை மனிதன் எப்போது அறிந்துகொண்டான் என்று நாம் யோசிப்பதில்லை.

இற்றைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் உலகின் தலைசிறந்த வைத்தியர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாலும், ஆளுக்கொரு பதில்தான் கிடைத்திருக்கும். தெளிவான பதில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத, சொந்த ஊரை விட்டுத் தொலைதூரத்தில் கூலிக்குப் படகு வலித்த ஓர் இளைஞரின் வயிற்றில் விழுந்த துவாரத்தின் வழியாகவே அது வந்தது. அந்த இளைஞரின் கதையையும், அவர் மூலம் நாம் அறிந்துகொண்ட சமிபாட்டின் கதையையும் இம்மாதப் பேச்சில் சேர்த்தே பார்ப்போம்.

சமைக்கிறதா, அரைக்கிறதா, புளிக்கிறதா?

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசில் வாழ்ந்த கேலன் என்ற வைத்தியர், வயிற்றின் சூடு உணவைச் சமைக்கிறது என்று கருதினார். அடுப்பில் பானை வைத்தாற்போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இக்கருத்து செல்வாக்குடன் இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் வைத்தியர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்தார்கள். இரைப்பை அம்மி போல உணவை அரைத்துத் தள்ளுகிறது என்றார்கள் ஒரு சாரார். தோசை மா புளிப்பது போன்ற ஒரு மாற்றம் அங்கே நடக்கிறது என்றார்கள் மறு சாரார்.

இந்த வாதத்துக்குப் பரிசோதனை மூலம் விடை தேடியவர் பிரெஞ்சு அறிஞர் றேமூர். பருந்து தனக்குச் சமிக்காத எலும்பு, இறகு போன்றவற்றை வாய் வழியாகத் திரும்பக் கக்கிவிடும். இதை அறிந்த அவர், சிறிய உலோகக் குழாய்க்குள் இறைச்சித் துண்டை வைத்து, இரு முனைகளையும் வலை போன்ற கம்பியால் அடைத்துப் பருந்துக்கு விழுங்கக் கொடுத்தார். குழாய்க்குள் இருக்கும் இறைச்சியை எதுவும் அரைக்க முடியாது. ஆனால் பருந்து கக்கிய குழாயைத் திறந்தபோது இறைச்சி கரைந்து குறைந்திருந்தது. ஆகவே அரைப்பது அல்ல, ஏதோ ஒரு திரவம் உணவைக் கரைக்கிறது என்பது 1752 இல் வெளியான அவரது ஆய்வால் தெரியவந்தது.

அவருக்குப் பின் இத்தாலியப் பாதிரியாரும் விஞ்ஞானியுமான ஸ்பல்லன்சானி இன்னும் ஒரு படி மேலே போனார். சிறிய துணிப் பைகளில் உணவை வைத்துத் தைத்துத் தானே விழுங்கினார். விலங்குகளின் இரைப்பைச் சாற்றை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் இறைச்சியுடன் சேர்த்து, உடற்சூடு கிடைப்பதற்காகத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரிந்தார். உடலுக்கு வெளியேயும் இறைச்சி கரைந்தது. 1823 இல் இங்கிலாந்தில் வில்லியம் புறூட் என்ற வைத்தியர், விலங்குகளின் இரைப்பைச் சாற்றில் இருப்பது ஐதரோகுளோரிக் அமிலம் என்று கண்டறிந்தார்.

இவ்வளவு தெரிந்தும், உயிரோடு உலாவும் மனிதனின் இரைப்பை வேலை செய்வதை நாள்தோறும் நேரில் பார்த்து ஆராய எவருக்கும் வழி இருக்கவில்லை.

மக்கினோ தீவில் ஒரு வெடி

ஹியூரன் ஏரியும் மிச்சிகன் ஏரியும் சந்திக்கும் இடத்தில் மக்கினோ என்ற சிறிய தீவு இருக்கிறது. இன்று அது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்கு உரியது. அந்நாளில் அங்கே மிருகத்தோல் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. தோல் மூட்டைகளைச் சுமந்து ஏரிகளிலும் ஆறுகளிலும் படகு வலிப்பதற்காகக் கியூபெக்கிலிருந்து பிரெஞ்சு பேசும் ஏழை இளைஞர்கள் கூலிக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் அலெக்சிஸ் சென் மார்ட்டின். வயது இருபதை ஒட்டியிருந்தது.

1822 ஜூன் 6ஆம் திகதி அமெரிக்கன் ஃபர் கம்பனியின் கடையில் ஒருவருடைய துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. மூன்று அடிக்கும் குறைந்த தூரத்தில் நின்ற அலெக்சிஸின் இடது விலாவில் சன்னங்கள் பாய்ந்தன. விலா எலும்புகள் நொறுங்கின. நுரையீரலின் ஒரு பகுதி வெளியே தள்ளியது. இரைப்பையில் துவாரம் விழுந்து, காலையில் உண்ட உணவு காயத்தின் வழியாக வெளியே வந்தது.

தீவில் இருந்த இராணுவக் கோட்டையின் வைத்தியர் வில்லியம் போமோன்ட் அரை மணித்தியாலத்துக்குள் வந்து சேர்ந்தார். அவர் மருத்துவக் கல்லூரியில் படித்தவரல்ல; இன்னொரு வைத்தியரின் கீழ் தொழில் பழகி வந்தவர். இந்த இளைஞர் பிழைக்கமாட்டார் என்றே முதலில் நினைத்தார். ஆனாலும் கைவிடவில்லை. காயத்தைச் சுத்தம் செய்து கட்டினார். முதல் 17 நாட்கள் உண்டதெல்லாம் காயத்தின் வழியாகவே வெளியேறியதால், மலவாசல் வழியாகச் சத்துநீர் செலுத்தி உயிரைக் காத்தார்.

அலெக்சிஸ் மெல்ல மெல்லத் தேறினார். ஆனால் காயம் ஆறிய விதம் விசித்திரமானது. இரைப்பையின் சுவர் விலாவின் தோலோடு ஒட்டி வளர்ந்தது. துவாரம் மூடவே இல்லை. பின்னர் இரைப்பையின் உட்சவ்வு ஒரு சிறு மடிப்பாக வளர்ந்து, கதவு போல அதை உள்ளிருந்து மறைத்தது. விரலால் அந்த மடிப்பைத் தள்ளினால் இரைப்பையின் உள்ளே பார்க்கலாம். துவாரத்தின் ஓரங்களைத் தைத்து மூடுவதற்குத் தாம் முன்வந்ததாகவும், அதற்கு அலெக்சிஸ் உடன்படவில்லை என்றும் போமோன்ட் எழுதி வைத்திருக்கிறார்.

1823 இல் இன்னொரு சோதனை வந்தது. உழைக்க முடியாத இந்த மனிதரை இனிமேலும் பராமரிக்க முடியாது என்று உள்ளூர் அதிகாரிகள் கைவிரித்தார்கள். படகில் ஏற்றிச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பிவிடத் தீர்மானித்தார்கள். ஆறாத காயத்தோடு அந்த நெடும் பயணம் அவரைக் கொன்றுவிடும் என்று கருதிய போமோன்ட், அவரைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதிகாரிகளின் ஒரு வரித் தீர்மானத்தில் ஒரு மனிதனின் வாழ்வு எப்படித் தொங்கி நிற்கும் என்பதை எங்கள் நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பட்டுநூலில் கட்டிய உணவு

தேறிய அலெக்சிஸ் போமோன்ட் வீட்டில் விறகு கொத்துவது முதலான வேலைகளைச் செய்தார். 1825 இல் வைத்தியர் பரிசோதனைகளைத் தொடங்கினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 1ஆம் திகதி நண்பகலில், மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, பழைய பாண், பச்சைக் கோவா ஆகியவற்றின் சிறு துண்டுகளைப் பட்டுநூலில் கட்டித் துவாரத்தின் வழியாக இரைப்பைக்குள் இறக்கினார். அலெக்சிஸ் வழக்கம்போல வீட்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணித்தியாலம் கழித்து நூலை இழுத்துப் பார்த்தபோது கோவாவும் பாணும் பாதியளவு கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது. இரண்டு மணித்தியாலம் கழிந்தபோது கோவா, பாண், பன்றி இறைச்சி, அவித்த மாட்டிறைச்சி எல்லாம் நூலை விட்டே மறைந்துவிட்டன.

1833 வரை விட்டு விட்டு இருநூறுக்கும் மேற்பட்ட பரிசோதனைகள் நடந்தன. அவற்றிலிருந்து வெளிப்பட்ட உண்மைகள் பல. இரைப்பைச் சாறு எந்நேரமும் தேங்கி நிற்பதில்லை. உணவு வந்த பின்பே சுரக்கிறது. இரைப்பையின் வெப்பநிலை ஏறத்தாழ 100 பாகை பரனைற்று. அந்தச் சாற்றைக் குப்பியில் எடுத்து அதே சூட்டில் வைத்தால் வெளியேயும் உணவைக் கரைக்கும். அதிலே ஐதரோகுளோரிக் அமிலம் இருப்பதை அமெரிக்க இரசாயன அறிஞர்கள் உறுதிப்படுத்தினார்கள். ஆனால் வெறும் அமிலம் மட்டும் அந்த வேலையைச் செய்யவில்லை. வேறேதோ ஒன்றும் கலந்திருக்க வேண்டும் என்று போமோன்ட் ஊகித்தார். அந்த 'வேறேதோ ஒன்றை' 1836 இல் ஜேர்மனியில் தியோடோர் ஷ்வான் கண்டுபிடித்துப் பெப்சின் என்று பெயரிட்டார். புரதத்தை உடைக்கும் நொதியம் அது.

அலெக்சிஸ் கோபப்பட்ட வேளைகளில் இரைப்பையில் பித்தநீர் கலந்திருந்தது. காய்ச்சலின்போது சாறு சரியாகச் சுரக்கவில்லை. மதுபானம் அருந்திய நாட்களில் இரைப்பையின் உட்சுவர் சிவந்து புண்பட்டுக் காணப்பட்டது. மனக்கவலையோடு சாப்பிட்டால் உடம்பில் ஒட்டாது என்று எங்கள் பாட்டிமார் சொன்னதற்கு அருகில் வருகிற அவதானிப்பு இது.

எந்த உணவு எவ்வளவு நேரத்தில் இரைப்பையை விட்டுப் போகிறது என்று அவர் ஓர் அட்டவணையும் தயாரித்தார். சோறு பிரியர்களான எமக்கு ஒரு செய்தி: அவித்த அரிசிக்கு அதில் ஒரு மணித்தியாலம். கொழுப்போடு வாட்டிய பன்றி இறைச்சிக்கு ஐந்தே கால் மணித்தியாலம்.

இன்று நாம் அறிந்தது

அந்த யன்னல் வழியாகத் தெரிந்தது இரைப்பை மட்டுமே. முழுப் பயணத்தையும் பின்வந்தவர்கள் ஒவ்வொரு பகுதியாகக் கண்டறிந்தார்கள்.

வாயில் பல் உணவை அரைக்க, உமிழ்நீர் மாப்பொருளை உடைக்கத் தொடங்குகிறது. சோற்றை நன்றாக மென்றால் சற்று இனிப்பது இதனால்தான். உணவுக்குழாயின் தசைகள் சுருங்கி விரிந்து உணவைக் கீழே தள்ளுகின்றன. இரைப்பை நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை சாற்றைச் சுரந்து, உணவைப் பிசைந்து கூழாக்குகிறது. இங்கே பழைய வாதத்தின் இரு சாராருக்கும் கொஞ்சம் உண்மை கிடைத்தது: இரைப்பை பிசையவும் செய்கிறது, இரசாயன மாற்றமும் செய்கிறது. இவ்வளவு கடுமையான அமிலம் இரைப்பையையே அரிக்காமல் இருப்பதற்குச் சளிபோன்ற ஒரு படலம் உட்சுவரைக் காக்கிறது.

ஆனால் சமிபாட்டின் பெரும் பகுதி நடப்பது சிறுகுடலில். ஆகவே போமோன்ட்டின் அட்டவணை உணவு இரைப்பையை விட்டுப் போன நேரத்தைக் காட்டுகிறதே தவிர, முழுச் சமிபாட்டின் நேரத்தை அல்ல. சதையி சுரக்கும் சாறு கொழுப்பைச் சமிக்கச் செய்வதைப் பிரான்சில் குளோட் பேர்னார்ட் 1840களின் பிற்பகுதியில் காட்டினார். ஈரலிலிருந்து வரும் பித்தநீர் அதற்குத் துணை நிற்கிறது. சிறுகுடலின் உட்சுவரில் உள்ள நுண்ணிய விரல் போன்ற முளைகள் சத்துக்களை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கின்றன. பெருங்குடல் மிஞ்சிய நீரை உறிஞ்சிக்கொள்கிறது.

அலெக்சிஸின் துவாரத்தைப் பார்த்தே, 1840களில் ரஷ்யாவிலும் பிரான்சிலும் ஆய்வாளர்கள் நாய்களின் இரைப்பையில் செயற்கையாகத் துவாரம் இட்டு ஆராயத் தொடங்கினார்கள். அந்த வழியில் வந்த ரஷ்ய விஞ்ஞானி பாவ்லொவ், உணவு இரைப்பையைத் தொடுமுன்பே, அதைக் கண்டவுடனும் மணந்தவுடனும் சாறு சுரக்கத் தொடங்கிவிடுகிறது என்று காட்டினார். சமிபாடு பற்றிய ஆய்வுகளுக்காக 1904 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கறி தாளிக்கும் மணம் வந்தாலே வயிறு ஏன் விழித்துக்கொள்கிறது என்பதற்கான விடை இது.

அலெக்சிஸின் பக்கம்

இனி அந்த யன்னலுக்குச் சொந்தக்காரரின் பக்கம் வருவோம். நூலில் கட்டிய உணவு வயிற்றுக்குள் இறங்கிய நாட்களில் அவருக்கு வயிற்று வலியும் தலையிடியும் வந்தன. போமோன்ட்டே அதைப் பதிவு செய்திருக்கிறார். 1825 இல் சந்தர்ப்பம் கிடைத்ததும் அலெக்சிஸ் சொல்லாமல் கொள்ளாமல் கியூபெக்குக்குத் திரும்பிப் போய்விட்டார். அங்கே திருமணம் செய்தார். இரு பிள்ளைகள் பிறந்தார்கள். மீண்டும் படகு வலித்தார்.

1829 இல் தோல் கம்பனியின் முகவர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, குடும்பத்தோடு போமோன்ட்டிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 1831 இல் அவர் மறுபடியும் குடும்பத்தோடு ஊர் திரும்பினார். 1832 இல் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஓராண்டுக்கு 150 டொலர். உணவு, உடை, இருப்பிடம் இலவசம். அதற்குப் பதிலாக வைத்தியர் போகுமிடமெல்லாம் கூடவே போகவேண்டும். வயிற்றின் உள்ளும் புறமும் அவர் செய்யும் பரிசோதனைகளுக்கு உடன்படவேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்தப் பத்திரத்தை அலெக்சிஸால் வாசிக்க முடியாது. கையெழுத்துக்குப் பதிலாக ஒரு புள்ளடி போட்டார்.

1833 இல் போமோன்ட்டின் நூல் வெளிவந்தது. மறு ஆண்டு அலெக்சிஸ் ஊருக்குப் போனார். அதன்பின் திரும்பவே இல்லை. போமோன்ட் இறக்கும்வரை கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். பணமும் தருவதாகச் சொன்னார். 1853 இல் பனி உறைந்த படிக்கட்டில் வழுக்கி விழுந்து, அதன் விளைவாக அவர் காலமானார்.

போமோன்ட்டைக் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. சாகக் கிடந்தவரைக் காப்பாற்றினார். வீட்டில் இடம் கொடுத்தார். சொந்தப் பணத்தையும் செலவழித்தார். ஆனால் உயிர் தந்தவரிடம் 'இல்லை' என்று சொல்வது எவ்வளவு கடினம்! கையில் காசும் இல்லை, மொழியும் இல்லை, வேறு போக்கிடமும் இல்லை என்ற நிலையில் ஒருவர் தரும் சம்மதம் முழுச் சம்மதமா? அந்தக் காலத்தில் இதை அதிகம் பேர் கேட்கவில்லை. சம்மதமின்றி மனிதர்மீது பரிசோதனை கூடாது என்ற விதியை உலகம் தெளிவாக எழுதிக்கொண்டது 1947 இல், நாசி வைத்தியர்களின் விசாரணைக்குப் பின்னர் வந்த நியூரம்பேர்க் நெறிக்கோவையில்தான்.

அலெக்சிஸ் 1880 ஜூன் 24ஆம் திகதி கியூபெக்கில் காலமானார். துவாரத்தோடு 58 ஆண்டுகள் வாழ்ந்திருந்தார். வைத்தியரை விட 27 ஆண்டுகள் கூடுதலாக. அப்போது மொன்றியலில் இருந்த புகழ்பெற்ற வைத்தியர் வில்லியம் ஒஸ்லர், உடலைப் பரிசோதிக்கவும் இரைப்பையை வாஷிங்டன் இராணுவ மருத்துவ நூதனசாலைக்குப் பெறவும் விரும்பினார். குடும்பம் மறுத்தது. வரவேண்டாம், வந்தால் உயிருக்கு ஆபத்து என்று தந்தி போனது. கோடை வெயிலில் உடலை நாட்கணக்கில் வீட்டில் வைத்திருந்தார்கள், எவருக்கும் பயன்படாமல் போகட்டும் என்று. இறுதிப் பூசையின்போது உடலைத் தேவாலயத்துக்கு உள்ளே கொண்டுபோக முடியாத நிலை. எட்டு அடி ஆழத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள்.

படித்தவர்கள் சிலர் இதை அறியாமை என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த மனிதரின் வயிற்றைப் பற்றி அவர் குடும்பத்தாரே முடிவெடுத்த வேளை அது.

1962 இல் கனடிய உடற்றொழிலியல் சங்கம் அவரது கல்லறைக்கு அருகே ஒரு நினைவுப் பலகை வைத்தது. தன் துன்பத்தின் ஊடாக மனிதகுலம் முழுவதற்கும் பணி செய்தவர் என்று அது அவரை நினைவுகூர்கிறது.

எங்கள் மொழியில் வந்த உடல்

இந்தக் கதையோடு சேர்த்து எண்ணத் தகுந்த ஒருவர் எங்கள் ஊர் வரலாற்றிலும் இருக்கிறார். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இளைஞர்களுக்கு வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், பின்னர் தமிழுக்கு மாறினார். உடலின் அமைப்பு, உடலின் தொழில், சத்திர சிகிச்சை, இரசாயனம் பற்றிய நூல்களை மாணவர்களின் உதவியோடு தமிழாக்கினார். தமிழில் இல்லாத சொற்களுக்குச் சொற்பட்டியல்களும் தயாரித்தார். நோயாளி பேசும் மொழியில் வைத்தியம் இருக்கவேண்டும் என்பதே அவரது நிலைப்பாடு.

புள்ளடி போட்ட அலெக்சிஸுக்கு வாய்க்காதது அதுதான். அன்று 150 டொலருக்குத் திறந்த யன்னலுக்குப் பதிலாக, இன்று வாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு இரைப்பையின் உட்புறத்தைச் சில நிமிடங்களில் பார்த்துவிடுகிறார்கள். அதற்கு முன்னர் ஒரு படிவம் வரும். எங்கள் அப்பாமார், அம்மாமார், வாசித்து விளங்காமலே அதில் ஒப்பமிட்டுவிடுகிறார்கள். வைத்தியரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணுகிறவர்களும் உண்டு. பத்து வயதுப் பேரப்பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துப் போகிறவர்களும் உண்டு. வயிற்றில் கட்டி என்ற செய்தியை அந்தப் பிள்ளையின் வாயால் சொல்லவைக்கலாமா?

நேயர்களே, அடுத்த தடவை பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போது, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். என்ன செய்யப் போகிறார்கள், ஏன் செய்கிறார்கள், செய்யாவிட்டால் என்ன, ஆய்வுக்காகவா சிகிச்சைக்காகவா என்று கேட்டு, விளங்கிய பின்னர் ஒப்பமிடச் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்கு உரிமை உண்டு என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.